பக்கத்து இலை

இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குடிமக்கள் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை வரிசையாகச் சொல்கிறது. கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், கேளிக்கை இடங்கள் முதலில் வருகின்றன. அடுத்து கிணறு, குளம், படித்துறை, சாலை. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று எதைக் காரணம் காட்டியும் ஒருவரை இங்கே தடுக்கக் கூடாது. 1950 ஜனவரி 26 முதல் இது சட்டம். ஒரு நாட்டின் தலையாய சட்டத்திலேயே சாப்பாட்டுக் கடையைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் அந்தக் கடை வாசலில் என்னென்ன நடந்திருக்கும்!

தெருமுனைச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எந்தக் கடையில் சாம்பார் நன்றாக இருக்கும், எங்கே சுக்கா கிடைக்கும் என்றெல்லாம் படிக்கிறோம். அந்தக் கடைகளில் யார் உட்கார முடிந்தது, யார் வெளியே நின்றார்கள், நின்றவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. என் பார்வையில், இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று, முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடத் தொடங்கியது. அது தானாக நடக்கவில்லை. சண்டை போட்டு, சிறைக்குப் போய், சட்டம் எழுதி, அதற்கும் மேலாகத் தினம் தினம் பசியோடு அந்தப் படியேறி வந்த சாதாரண ஜனங்களால் நடந்தது.

நான் சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் சேரன்மாதேவிப் பக்கம், தாமிரபரணிக் கரை. அப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். தோட்டம் தோட்டமாகப் போய் இலை அறுத்து, கட்டுக் கட்டி, மாட்டுவண்டியில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காபி கிளப்புகளுக்குப் போடுவார். இந்த வரலாற்றை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான்.

சமைத்த உணவைக் காசுக்கு விற்பது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. அப்பம் சுட்டு விற்ற கூவியரைச் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் பேசுகின்றன. மதுரையின் அல்லங்காடியிலும் நாளங்காடியிலும் தின்பண்டம் விற்றதை மதுரைக்காஞ்சி சொல்கிறது. ஆனால் தின்பண்டம் வேறு, சோறு வேறு. வயிறு நிறையச் சோறு போட்டு அதற்குக் காசு வாங்குவது பாவம் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போடச் சத்திரங்கள் இருந்தன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். சென்னையில் 1780களின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். கோயில்களிலும் மடங்களிலும் அன்னதானம் நடந்தது. பொதுவாகச் சத்திரத்துப் பந்தியும் சாதி பார்த்துத்தான் நடந்தது. சிலருக்குச் சமைத்த சோறு உள்ளே, சிலருக்கு வெளியே, சிலருக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்று படி அளந்து கையில்.

இந்த வழக்கத்துக்கு வெளியே நின்றவர் வள்ளலார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்று வந்த எவருக்கும் சாதி கேட்காமல் சோறு போட அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கடைகளுக்கும் அறத்தால் மூத்தது அந்த அடுப்பு. ஆனாலும் அது தருமம். காசு கொடுத்து, ‘எனக்கு ஒரு சாப்பாடு’ என்று உரிமையோடு கேட்டு உட்காரும் இடத்தைக் கொண்டுவந்தவை ரயிலும் கோர்ட்டும் காலேஜும்.

1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. பிறகு ஊர் ஊராகத் தண்டவாளம் நீண்டது. வழக்குக்கு வருகிறவன், வேலைக்கு வருகிறவன், படிக்க வருகிறவன் என்று நகரத்தில் உறவுக்காரர் வீடு இல்லாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். இவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை சோறு வேண்டும். எந்தச் சத்திரமும் மாதக்கணக்கில் போடாது. இந்தத் தேவையில் பிறந்தவைதான் காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும். சமைத்தவர் பிராமணராக இருந்தால் எல்லாச் சாதியாரும் சாப்பிடலாம் என்ற கணக்கில் முதலில் பெருகியவை பிராமண ஓட்டல்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் உடுப்பியிலிருந்தும் சமையல்காரர்கள் வந்தார்கள்.

‘எல்லாச் சாதியாரும்’ என்பதற்கும் எல்லை இருந்தது. பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு வெளிக்கூடம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அந்த வெளிக்கூடமும் இல்லை. அப்பா 1940களில் வாலிபர். இலைக்கட்டை இறக்கிவைக்கப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். “துட்டு குடுத்தாலும் பின்வாசல்தான் பிள்ள. கையில ஒரு போணி வச்சிருப்போம். அதுல காப்பிய மேல இருந்து ஊத்துவான். வண்டிக்கிட்ட நின்னு குடிச்சிட்டு வருவோம்” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். இலைக்கு என்ன விலை கிடைத்தது என்று சொல்லும் அதே குரலில் சொல்வார். எனக்குத்தான் அப்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்பா அறுத்த நுனி இலை முன்வாசல் வழியாக வந்தவர்களுக்கு முன்னால் விரிந்தது. அறுத்துக் கொண்டுவந்தவர் பின்வாசலில் நின்றார்.

எங்கள் ஊருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாக உணவு பரிமாறப்பட்டது என்ற விவகாரம் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டையே உலுக்கியது. காங்கிரஸ் பணம் கொடுத்து ஆதரித்த நிறுவனம் அது. அப்போது காங்கிரசிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் தேசத்துக்காகப் பெரும் தியாகம் செய்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் படிக்கும் பிள்ளைகள் ஒரே பந்தியில் சாப்பிடக் கூடாதா என்ற கேள்விக்கு அவர் தரப்பிலிருந்து ஏற்கத்தக்க பதில் வரவில்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை முன்வைத்துப் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பே மனத்தில் விழுந்திருந்த பெரிய விரிசல் குருகுலத்துப் பந்திதான். தமிழக அரசியலின் போக்கு மாறியதில் ஒரு சாப்பாட்டு வரிசைக்கும் பங்கு இருந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

அடுத்து ரயில் நிலையங்கள். பயணச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், பெட்டியில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவார்கள், ஆனால் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் இறங்கினால் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் விடாமல் எதிர்த்ததால் 1941இல் ரயில்வே நிர்வாகம் இந்தப் பிரிவினையைக் கைவிட்டது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கிடைத்த இந்த வெற்றி பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்தது. பொது உணவகத்துக்குள் விட மறுப்பது மட்டுமல்ல, அங்கே எல்லோருக்கும் என்று வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று அதில் எழுதினார்கள். டம்ளர்வரை யோசித்து எழுதப்பட்ட சட்டம். அப்பாவின் கையிலிருந்த போணியைச் சட்டம் எழுதியவர்களும் எங்கோ பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே போகும் உரிமை வந்த பிறகும் வாசலில் பெயர்ப்பலகை மிச்சம் இருந்தது. ‘பிராமணாள்’ என்ற சொல் ஓட்டல் பலகைகளில் தொடர்ந்தது. 1957 மே மாதம் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பாகத் திராவிடர் கழகம் மறியலைத் தொடங்கியது. தொண்டர்கள் நாள்தோறும் வருவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு சிலர் வருவார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1958இல் பலகை மாறியது. பிறகு மற்ற ஊர்களிலும் அந்தச் சொல் ஒவ்வொன்றாக இறங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகும் இடத்துக்காக இத்தனை பேர் சிறைக்குப் போனார்களா என்று என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் கேட்டாள். ஆமாம், போனார்கள். தினமும் சாப்பிடும் இடத்தில் நடக்கும் அவமானம் தினமும் நடக்கும் அவமானம்.

சைவ ஓட்டல்களின் கதை இப்படியென்றால், கறிசோறு விற்ற கடைகளின் பாதை வேறு. மிலிட்டரி ஓட்டல் என்ற பலகையோடு ஊர் ஊராக அசைவக் கடைகள் எழுந்தன. அவற்றில் நான் மிகவும் மதிப்பது முனியாண்டி விலாஸ். மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் வடக்கம்பட்டி என்று ஒரு சின்ன ஊர். வானம் பார்த்த பூமி. 1930களில் அந்த ஊர்க்காரர் ஒருவர் குலதெய்வமான முனியாண்டி சாமியின் பெயரில் சாப்பாட்டுக் கடை வைத்தார். அது நன்றாக நடக்கவே, நாயுடு, ரெட்டியார் குடும்பங்களைச் சேர்ந்த உறவினர்களும் ஊர்க்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பல ஊர்களுக்குக் கிளம்பினார்கள். கம்பெனியும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. ஒரு கடையில் வேலை பழகியவர் அடுத்த ஊரில் அதே சாமி பெயரில் தன் கடையைத் திறப்பார். அன்றன்றைக்கு முதல் வியாபாரத்தில் வரும் காசைச் சாமிக்கென்று எடுத்துவைப்பார்கள். ஆண்டுதோறும் கடைக்காரர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பி, நேர்த்திக் கடாக்களை வெட்டி, விடிய விடியப் பிரியாணி சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வறண்ட கிராமம் தமிழ்நாடு முழுவதும் பரவிய ஒரு தொழிலை உருவாக்கிய வரலாறு இது. லாரி ஓட்டுநர், மண்டிச் சுமைதூக்கி, சந்தைக்கு வந்த விவசாயி என்று காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் மனிதர்களுக்கு வயிறார ஒரு வேளை கறிசோறு போட்டவை இந்தக் கடைகள்.

இந்தத் தொழிலின் உள்பக்கத்தையும் சொல்ல வேண்டும். உடுப்பியிலிருந்து வந்து சமையலறை எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கும் அளவுக்கு உயர்ந்தார். அப்படி உயர்ந்தவர்கள் சிலர்தான். பெரும்பாலானவர்கள் சரக்கு மாஸ்டராகவோ, சப்ளையராகவோ, மாவாட்டுகிறவராகவோ, டேபிள் துடைக்கிற பையனாகவோ வாழ்நாளைக் கழித்தவர்கள். 1950களில் கோயம்புத்தூரில் மின்சாரக் கிரைண்டர் உருவாகிப் பரவும்வரை இட்லி மாவு முழுக்க மனிதக் கையால் ஆட்டியது. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து எட்டுப் பத்துப் படி ஆட்டியவர்களின் தோள்தான் நாம் சாப்பிட்ட இட்லி. ராத்திரி கடையைக் கழுவிவிட்டு அந்த டேபிள்கள் மேலேயே படுத்துத் தூங்கிய பையன்களை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே உட்காரும் உரிமைக்குப் போராட்டம் நடந்தது. உள்ளே வேலை செய்தவர்களுக்காக அவ்வளவு குரல் எழவில்லை.

அரிசியும் இந்தக் கடைகளை ஆட்டிப் படைத்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வருவது நின்றது. ரேஷன் வந்தது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராகி உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை ஓட்டல்காரர்கள் அரிசிக்கு அலைந்தார்கள். 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டபோது திங்கட்கிழமை இரவுகளில் ஓட்டல்கள் அடைத்துக் கிடந்தன. 1967 தேர்தலே ரூபாய்க்குப் படி அரிசி என்ற முழக்கத்தில் நடந்தது. கோதுமை உப்புமாவும் ரவைப் பண்டங்களும் மைதா பரோட்டாவும் நம் கடைகளில் இடம்பிடித்ததில் இந்த அரிசிப் பஞ்சத்துக்கும் பங்கு உண்டு.

1980இல் நான் சென்னைக்கு வேலைக்கு வந்தபோது திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் ஊர். தெருவுக்குத் தெரு ஒண்டிக்கட்டைகள் தங்கும் அறைகள், அவர்களுக்குச் சோறு போடும் மெஸ்கள். பைகிராப்ட்ஸ் ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து பார்த்தசாரதி கோயில்வரை நடந்தால் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாப் பேச்சும் காதில் விழும். வடக்கே மதுராவிலிருந்து வந்தவர் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி. இன்னொரு பக்கம் முஸ்லிம் கடைகளில் பிரியாணி. எங்கள் மகளிர் விடுதியில் காலையும் இரவும்தான் சாப்பாடு. மதியத்துக்கு நாங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் தனியாக ஒரு பெண் ஓட்டலில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரணமாக இல்லை. கொஞ்சம் பெரிய ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ இருக்கும். மரத்தட்டி மறைப்பு, முழங்கால் தெரிகிற அளவுக்கு ஊஞ்சலாடும் அரைக்கதவு, உள்ளே காற்று வராத ஒரு மேசை. புருஷனோடோ பிள்ளைகளோடோ வந்தால் அங்கே உட்காரலாம். தனியாக வந்தால் கல்லாவில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். சின்ன மெஸ்களில் அந்தத் தட்டிகூடக் கிடையாது, ஆண்கள் மட்டும்தான். அரசியல் சட்டத்தின் அதே வரியில் சாதிக்குப் பக்கத்தில் ‘பால்’ என்ற சொல்லும் இருக்கிறது. அதை நாங்கள் படித்திருக்கவில்லை. பசித்தது, போனோம்.

நாங்கள் வழக்கமாகப் போன கடைக்குப் பலகை கிடையாது. பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த ஓர் அம்மா கணவர் இறந்தபின் தன் வீட்டு முன்கூடத்திலேயே மதியச் சாப்பாடு போட்டார். எல்லோருக்கும் அவர் அக்கா. நான்கு நீள பெஞ்சு, நான்கு குறுகிய மேசை, அவ்வளவுதான். அலுவலகப் பெண்கள் மூன்று பேராகச் சேர்ந்து முதலில் போனபோது பெஞ்சில் இருந்த ஆண்களின் பேச்சு நின்றது. அக்கா கரண்டியோடு வெளியே வந்து, “நகந்து உக்காருங்க தம்பி, அவங்களும் ஆபீஸ் போகணும்” என்றார். அவர்கள் நகர்ந்தார்கள். அவ்வளவு எளிதாக முடிந்தது. அதன் பின்னால் எவ்வளவு காலம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

கல்லாவில் காசு கொடுத்தால் அட்டையில் முத்திரை குத்திய டிக்கெட் ஒன்று தருவார்கள். மாதக் கணக்குக்காரர்களுக்குச் சின்னப் புத்தகம், சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு சீட்டாகக் கிழிப்பார்கள். உட்கார்ந்ததும் இலை வரும், நுனி இடது கைப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். மேல்பாதியில் உப்பு, ஊறுகாய், ஒரு பொரியல், ஒரு கூட்டு. கீழே சோறு. சப்ளையர் அன்னக்கையால் ஒரே வீச்சில் போடுவார், ஒரு பருக்கை இலைக்கு வெளியே போகாது. முதலில் சாம்பார், பிறகு வத்தக்குழம்பு, ரசம், மோர். அந்த மனிதரிடம் நான் வியந்தது வேறொன்று. பதினாறு இலையில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்கு ரசம் முடியும் நேரம் எதிரே இருப்பவருக்குச் சாம்பார் தொடங்கும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, யாரையும் காக்க வைப்பதும் இல்லை. அதிகாரிக்கும் கடைநிலை ஊழியருக்கும் அதே அளவு, அதே வேகம்.

பின்கட்டில் மரத்தூள் அடுப்பு. தகர டிரம்மின் நடுவில் ஓர் உருளைக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் உள்ள ஓட்டை வழியாக இன்னொரு கட்டையைப் படுக்கையாகச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி உலக்கையால் இறுக இடிப்பார்கள். பிறகு இரண்டு கட்டைகளையும் மெதுவாக உருவினால் உள்ளே காற்றுப் பாதை கிடைக்கும். அடியில் தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். அறுவை மில்லில் மலிவாகக் கிடைத்த தூளில்தான் அந்தக் கடையின் கட்டுப்படியான விலை இருந்தது. தூளில் ஈரம் இருந்தால் அன்றைக்குப் புகை, அக்காவின் கண் இரண்டும் சிவந்திருக்கும்.

அப்பா என்னைப் பார்க்க ஒரு முறை சென்னை வந்தார். அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், அவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், நெற்றியில் திருமண். இலை வந்ததும் அப்பா அதைத் தொட்டு, விளிம்பைத் தடவிப் பார்த்து, “பூவன் இலை பிள்ள, நேத்து அறுத்தது” என்றார். பக்கத்து இலைக்காரர் சிரித்து, “இலைக்காரரா நீங்க? எந்த ஊர்?” என்றார். அப்பா ஊரைச் சொன்னார். அவர் தன் மகளை அம்பாசமுத்திரத்தில் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் எப்படி, மழை எப்படி என்று இரண்டு பேரும் மோர் சாதம்வரை பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். திருநெல்வேலியில் முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் நடக்க முடியாதது சென்னையில் ஒரு சந்தில், யாரும் கவனிக்காமல் நடந்தது. நான் கவனித்தேன். போராடியவர்கள் கேட்டது இதைத்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அந்த அக்காவைப் போன்றவர்களுக்கும் வரலாற்றில் ஓர் இடம் வேண்டும். பெரிய ஓட்டல்களில் அடுப்பு முழுக்க ஆண்கள் கையில். பெண்களுக்குக் கிடைத்தது பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பதும் காய் நறுக்குவதும். ஆனால் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்றவர்களும், மில் கேட்டுப் பக்கம் கூடையில் சோறு கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. கணவனை இழந்த பெண் கௌரவமாகப் பிழைக்க இருந்த சில வழிகளில் அது ஒன்று. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பெண்கள் சமைத்து, பெண்களே காசு வாங்கி, எவர் வந்தாலும் ஒரே வரிசையில் நிற்கும் பொதுச் சாப்பாட்டுக் கூடம் ஒன்றை அரசே நடத்தியது பெரிய காரியம். இன்று கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்திருக்கும் தொழிலாளி, மொழி தெரியாமல், கை காட்டிக் கேட்டு அங்கே சாப்பிடுகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது. சில கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருக்கிறது என்ற செய்தி இந்த நூற்றாண்டிலும் வந்தது. கண்ணாடி டம்ளரை ஒழித்துக் காகிதக் கப் வந்த பிறகு அதே பாகுபாடு வேறு உருவத்தில் ஒளிந்துகொண்டது. நகரத்தில் வேறொரு மாற்றம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உட்கார்ந்து சாப்பிடுவது நின்று பார்சல் மட்டும் என்றானது. பல சின்ன மெஸ்கள் அத்தோடு மூடிவிட்டன. திறந்த கடைகளிலும் பெஞ்சுகள் குறைந்து, செல்போனில் ஆர்டர் எடுக்கும் பையன்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பையன்களின் பிழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உணவு வீட்டுக்கு வந்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற கேள்வியே எழாமல் போகும். யாரோடும் சேர்ந்து உட்கார வேண்டியதில்லை என்ற வசதி, யாரோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்று இருந்த காலத்துக்குத் திரும்பும் வழியாகிவிடக் கூடாது.

வாடகையும் எரிவாயு விலையும் தாங்காமல் பெஞ்சு போட்ட சின்னக் கடைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. உள்ளாட்சி நிர்வாகங்கள் கோயிலையும் கோட்டையையும் பட்டியல் எடுப்பதுபோல, ஒவ்வோர் ஊரிலும் ஐம்பது, அறுபது ஆண்டாக நடக்கும் சாப்பாட்டுக் கடைகளையும் பட்டியல் எடுத்து, அவை நிலைக்க வாடகையிலும் உரிமக் கட்டணத்திலும் சலுகை தர வேண்டும். சமூகம் மாறிய இடங்கள் அவை.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் முதன்முதலில் எந்த ஓட்டலில், எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எங்கே உட்கார விடவில்லை என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்களோடு இந்த வரலாறும் போய்விடும், வேறு யாரிடமும் அது இல்லை. அடுத்தது, மாதத்தில் ஒரு நாளாவது உங்கள் பிள்ளைகளைத் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போங்கள். பார்சல் வாங்காதீர்கள். பெஞ்சில், தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கையால் சாப்பிடச் சொல்லுங்கள்.